அம்மன் கோபமும் அடுக்களைச் சிறையும்

மாலை மணி ஏழு. இயக்கத் தோழர் ஒருவரின் இல்லத்துக் கூடத்தில் அமர்ந்திருக்கிறோம். சுவரில் பெரியாரின் படம். அதற்கு நேர் கீழே தொலைக்காட்சிப் பெட்டி. மேலே தாடியும் தடியுமாக அவர்; கீழே வேப்பிலையும் சூலமுமாக அம்மன்! கதாநாயகியின் கழுத்தில் தாலி தானாக ஆடுகிறது. எங்கோ தொலைவில் கணவனுக்கு ஆபத்தாம். ஓடுகிறாள் அவள். மருத்துவமனைக்கா? காவல் நிலையத்துக்கா? இல்லை, கோவிலுக்கு! ஈரப் புடவையோடு உருள்கிறாள், தீச்சட்டி ஏந்துகிறாள், இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, கணவன் கண் விழிக்கிறான். 'தொடரும்' என்று எழுத்து வருகிறது. ஆம், தொடரத்தான் செய்கிறது!

நாம் மேலே பார்த்தோம், கீழே பார்த்தோம், பிறகு தோழரைப் பார்த்தோம். அவர் தலை குனிந்தார். குனிந்த தலைக்கு அருகே, மேசையின்மீது ஒரு கட்டு அழைப்பிதழ். தோழர் சிறிய அச்சகம் ஒன்றின் உரிமையாளர். நம் மாநாட்டுத் துண்டறிக்கைகள் பல அங்கே அச்சேறியவை. அதே பொறியில், அதே மையில், இப்போது அச்சாகி இருப்பது அவருடைய மகளின் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்! மேற்புறத்தில் தலைவர்களின் படங்கள். நடுவே பட்டுப் பாவாடையில் பதின்மூன்று வயதுச் சிறுமி.

"என்ன தோழரே இது?" என்றோம்.

"வீட்டில் ஆசைப்படுகிறார்கள், தோழர்" என்றார்.

வீடு! எத்தனை வசதியான சொல்! மேடையில் நாம், வீட்டில் அவர்கள்! மேடையில் பகுத்தறிவு, வீட்டில் பத்தாம்பசலி! இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே நம்மில் பலர் முக்கால் நூற்றாண்டு காலம் ஊரைத் திருத்தி வந்திருக்கிறோம்.

பள்ளி விடுமுறைக் காலம் அது. நான்கு மாலைகள் அந்த இல்லத்தில் தங்க நேர்ந்தது. "நெடுந்தொடரை நிறுத்திவிட்டு, நாம் சொல்வனவற்றைக் காண்போமா?" என்று கேட்டோம். சிறுமிக்கு மகிழ்ச்சி, அவள் தாய்க்கு ஐயம், தோழருக்கோ எப்படியாவது பேச்சு மாறினால் போதும். அந்த நான்கு மாலைகளில் கண்ட மூன்று படைப்புகளையும், கண்டவர்களின் முகங்களில் நாம் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதல் இரண்டு மாலைகள் 'அயலி'. 2023-இல் ஜீ 5 இணையவழித் திரையில் வந்த எட்டுப் பகுதித் தொடர், இயக்கியவர் முத்துக்குமார். 1990-ஆம் ஆண்டு, புதுக்கோட்டைச் சீமை, வீரப்பண்ணை என்னும் கற்பனைச் சிற்றூர். முன்னொரு காலத்தில் ஊர்ப்பெண் ஒருத்தி காதலித்தவனோடு சென்றுவிட்டாளாம், அயலித் தெய்வம் சினந்ததாம், ஊர் அழிந்ததாம், எஞ்சியவர்கள் இடம்பெயர்ந்து இங்கே குடியேறினார்களாம். ஆகவே பெண் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்துவார்கள். விரைந்து மணம் முடிப்பார்கள். மீறினால் அம்மன் கோபம்! இது ஊரின் சட்டம்.

தமிழ்ச்செல்வி என்னும் சிறுமிக்கு மருத்துவராக வேண்டும் என்று ஆசை. அவளும் பருவமெய்துகிறாள். என்ன செய்கிறாள்? மறைக்கிறாள்! படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் உடலின் வளர்ச்சியையே திருட்டுப் பொருளைப்போல ஒளித்து வைக்கிறாள். பின்னர் அவளுடைய தாயும் அந்த மறைவுக்குத் துணையாகிறாள். சிறுமியாக அபி நட்சத்திரா, தாயாக அனுமோல். இருவர் நடிப்பிலும் மிகை இல்லை.

இத்தொடரில் நம்மை உலுக்கியது அந்தத் தாய்தான். அவள் நூல் கற்றவள் அல்லள். மேடை கண்டவள் அல்லள். கடவுள் இல்லை என்று சொல்லத் துணிந்தவளும் அல்லள். அம்மனுக்கு அஞ்சுகிறாள், கணவனுக்கு அஞ்சுகிறாள், ஊருக்கு அஞ்சுகிறாள். ஆயினும் மகளின் படிப்பா, அச்சமா என்று தராசு தூக்கியபோது, படிப்பின் தட்டு தாழ்கிறது. அறிவு முதலில் நுழைவது வாதத்தின் வாயிலாகத்தான் என்று நாம் எண்ணியிருந்தோம். அன்பின் வாயிலாகவும் அது நுழையும் என்று இத்தொடர் காட்டுகிறது.

கதை நடக்கும் ஆண்டைக் கவனியுங்கள், இளைஞர்களே! 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், அந்த உரிமை தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அதற்கு மறு ஆண்டில் நடப்பது வீரப்பண்ணையின் கதை. சட்டம் கோட்டையிலிருந்து புறப்பட்டுவிட்டது. ஊர் எல்லையில் அம்மன் நின்று வழி மறிக்கிறாள்! மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், படித்த ஏழைப் பெண்ணுக்கென்று திருமண உதவித் திட்டம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தருவதாயிற்று. திருமணத்துக்குத் தந்த பணம் படிப்புக்குத் திரும்பிய அந்த மாற்றத்தின் பொருளை உணர வேண்டுமானால், தமிழ்ச்செல்வியின் கதையைக் காண வேண்டும்.

குறையே இல்லையா? உண்டு. தெய்வத்தின் பெயரால் போட்ட கட்டுகளோடு போராடும் இத்தொடர், தெய்வத்தோடு நேருக்கு நேர் வழக்காடவில்லை. 1949-இல் வந்த அண்ணாவின் 'வேலைக்காரி'யில், காளியின் முன் நின்று கதாநாயகன் கணக்குக் கேட்டான். அந்தத் துணிவோடு ஒப்பிட்டால் இது தணிந்த குரல். சில இடங்களில் நகைச்சுவை வந்து நெருப்பின்மீது நீர் தெளித்துவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் மனிதர்களாக இல்லாமல் பொம்மைகளாக நிற்கிறார்கள். ஆயினும் ஒன்று சொல்வோம். காளியைக் கேள்வி கேட்டவன் ஆண். கேட்டுவிட்டு அவன் ஊரைவிட்டுப் போகலாம். இங்கே கேள்வியாக நிற்பவள் சிறுமி. அவள் அந்த ஊரிலேயே உண்டு, உறங்கி, மறுநாளும் பள்ளிக்குப் போக வேண்டியவள். அவளுடைய குரல் தணிந்திருப்பதில் வியப்பில்லை.

தொடர் முடிந்தது. தோழரின் மகள் எழுந்தாள். மேசையிலிருந்த அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, நம்மிடம் நீட்டினாள்.

"பெரியப்பா, தமிழ்ச்செல்வி மறைத்தாள். என்னை ஏன் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள்?"

நம்மிடம் விடை இல்லை. நாற்பது ஆண்டுகளாக மேடையில் விடை சொல்லிப் பழகிய நாக்கு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் முன் உலர்ந்து போயிற்று.

மூன்றாம் மாலை, மலையாளப் படம். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. ஜியோ பேபி எழுதி இயக்கி, நிமிஷா சஜயனும் சூரஜ் வெஞ்ஞாறமூடும் நடித்து, 2021 சனவரியில் இணையவழியே வெளிவந்தது. கேரள அரசின் சிறந்த திரைப்பட விருதைப் பெற்றது. 2023-இல் தமிழிலும் மறு ஆக்கமாக வந்தது. நாம் கண்டது மூலப் படத்தை. மொழி முழுவதும் விளங்க வேண்டிய தேவை எழவில்லை. அடுக்களைக்கு எல்லா மொழியும் ஒன்றே அன்றோ?

கதாநாயகனுக்குப் பெயர் இல்லை. கதாநாயகிக்கும் பெயர் இல்லை. பெயர் எதற்கு? எந்த வீட்டின் பெயரையும் அங்கே எழுதிக்கொள்ளலாமே! நடனம் கற்ற பெண், ஆசிரியரான ஆணுக்கு மனைவியாகிறாள். விடிந்தால் தோசை, தேங்காய், துவையல். நடுப்பகலில் சோறு, கறி, பாத்திரம். இரவில் மீண்டும் அடுப்பு, மீண்டும் பாத்திரம், பிறகு படுக்கையறை. மாமனார் நல்லவர், அதட்டிப் பேசாதவர். பல் துலக்கும் தூரிகை அவர் கைக்கு வர வேண்டும். சோறு விறகடுப்பில் வேக வேண்டும். துணி பொறியில் அல்ல, கையால் துவைக்கப்பட வேண்டும். அவ்வளவே அவர் விருப்பம்! கழுவு தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய ஆள் அழைத்து வரும்படி அவள் கேட்கிறாள், கணவன் மறக்கிறான். மீண்டும் கேட்கிறாள், மீண்டும் மறக்கிறான். அழுக்கு நீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது.

அடி இல்லை, உதை இல்லை, குடி இல்லை. நம் பழைய படங்களில் கொடியவன் ஒருவன் வருவான், மீசையை முறுக்குவான். இந்தப் படத்தில் அப்படி ஒருவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். பழக்கமே கொடியவன்! அதனால்தான் இதைக் காணும் ஆண், தன்னைக் காணாமல் தப்ப முடிவதில்லை.

மாதவிலக்கு வருகிறது, தனியறை வருகிறது, தீண்டாமை வருகிறது. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குச் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28-இல் தீர்ப்பளித்ததையொட்டி எழுந்த கொந்தளிப்பு, படத்தின் பின்புலம். கணவனும் மாமனாரும் மாலை அணிந்து விரதம் இருக்கிறார்கள். விரதம் அவர்களுக்கு, வேலை அவளுக்கு! இறுதியில் அந்த ஒழுகிய குழாயின் அழுக்கு நீரையே அவர்கள்மீது வீசிவிட்டு வெளியேறுகிறாள். அத்தோடு முடிந்திருந்தால் நாம் கைதட்டிவிட்டு உறங்கியிருப்போம். இயக்குநர் விடவில்லை. அதே அடுக்களையைத் திரும்பக் காட்டுகிறார். அங்கே இன்னொருத்தி நிற்கிறாள். அவனுக்கு மறுமணம் ஆயிற்று, வேறொன்றும் மாறவில்லை. ஒருத்தி வெளியேறினால் அவளுக்கு விடுதலை. அடுக்களை அப்படியே இருந்தால் அடுத்தவளுக்குச் சிறை.

படம் பாதி ஓடியிருந்தபோது நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். திரையில் அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். தோழரின் துணைவியார் எழுந்தார். "காபி போட்டு வருகிறேன், அண்ணா" என்றார். நாமோ, "சர்க்கரை குறைவாக, அம்மா" என்றோம்! சொல்லி முடித்த பிறகுதான் செவியில் விழுந்தது, நாம் சொன்னது. சிறுமி நம்மைப் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்து இழுத்து, "நீங்கள் உட்காருங்கள் அம்மா" என்றாள். தோழர் எழுந்து அடுக்களைக்குப் போனார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று உள்ளிருந்து இரண்டு முறை கேட்டார். இருபது ஆண்டுக் குடும்ப வாழ்வு!

அன்று அந்த அம்மையார் ஒன்றே ஒன்று சொன்னார். "கறுப்புச் சட்டையில் உப்புப் பூத்தால் நன்றாகத் தெரியும், அண்ணா. இரண்டு முறை அலசினால்தான் போகும்." குறைகூறும் குரலில் அல்ல, துவைக்கும் முறையைச் சொல்லும் குரலில் சொன்னார். பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்டவரின் படத்துக்கு மாலையிடும் நாம், நம் சட்டையைத் துவைப்பவர் யார் என்று என்றாவது கேட்டோமா?

நான்காம் மாலை, 'வாழை'. 2024-இல் மாரி செல்வராஜ், தம் இளமைக் கால அனுபவத்திலிருந்து எடுத்த படம். தூத்துக்குடிப் பகுதிச் சிற்றூர். சிவனைந்தன் என்னும் சிறுவன், தந்தை இல்லை, தாய் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கிறது. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்க வேண்டும். சேற்றில் கால் புதைய, கழுத்து ஒடிய, வயல் நடுவிலிருந்து சாலைவரை சுமக்க வேண்டும். அவனுக்குப் பள்ளி என்றால் உயிர். ஞாயிறு வந்தால் நடுக்கம்! பிள்ளைகள் திங்கட்கிழமைக்கு அஞ்சுவதுண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு அஞ்சும் பிள்ளையை இந்தப் படத்தில் கண்டோம்.

தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாயாக்கும்படி தொழிலாளர் கேட்கிறார்கள். கேட்டது கிடைக்கிறது. கொடுத்ததை வேறு வழியில் பிடிக்க வேண்டாமா? ஆட்களுக்கென்று தனி வண்டி எதற்கு, தார் ஏற்றிய லாரியின்மேலேயே அமர்ந்து செல்லட்டும் என்று முடிவாகிறது. லாரி கவிழ்கிறது. அன்று வேலைக்குப் போகாமல், ஆட்டப் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போயிருந்த சிவனைந்தன் பிழைக்கிறான். அவன் உற்றார் மடிகிறார்கள். கூலி உயர்வின் கணக்கு உயிரில் தீர்க்கப்படுகிறது.

இறுதிக் காட்சியில், பசியால் துவண்ட சிறுவன், பிணங்கள் கிடக்கும் நேரத்தில், சோற்றை அள்ளி உண்கிறான். 1952-இல் வந்த 'பராசக்தி'யாக இருந்தால் அங்கே ஒரு நீதிமன்றம் இருக்கும், கூண்டில் நின்று சிறுவன் சமுதாயத்தைக் கேள்வி கேட்பான், கொட்டகை அதிரும். கலைஞரின் அந்த உரையாடல் அந்தக் காலத்தின் தேவை. எழுத்தறியாத மக்களுக்கு அது பாடநூல். அதை இழித்துரைப்பவர் வரலாறு அறியாதவர். ஆனால் மாரி செல்வராஜின் சிறுவன் பேசவில்லை, மெல்லுகிறான். கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி வீடுவரை நம்மோடு நடந்து வருகிறது.

இப்படத்திலும் நமக்கு ஒரு மனக்குறை. ஆசிரியைமீது சிறுவன் கொள்ளும் பற்று, கதைக்கு வேண்டிய அளவைத் தாண்டி நீள்கிறது. முற்பாதியின் பாட்டும் சிரிப்பும், பிற்பாதியின் சாவுக்கென்றே சேர்த்து வைத்தவைபோல ஓரிரு இடங்களில் தோன்றுகின்றன. ஆயினும் அந்தச் சேற்று நடையைக் கண்ட பிறகு, வாழைப்பழத்தை முன்போல உரிக்க முடியவில்லை. கலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோழர் அன்று பேசவே இல்லை. வெகுநேரம் கழித்து, "எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி, அச்சுக்கோக்க அனுப்பினார்கள். முதலில் கோத்தது ஒரு கலியாணப் பத்திரிகை" என்றார். பிறகு எழுந்து போனார்.

இளைஞர்களே, இந்த மூன்றையும் ஒருசேர எண்ணிப் பாருங்கள். அயலியில் தடுப்பது அச்சம், அடுக்களைப் படத்தில் பழக்கம், வாழையில் பசி. நாம் அச்சத்தோடு போராடக் கற்றோம்; கடவுளைக் கேள்வி கேட்டோம். பசியோடும் போராடினோம், சட்டம் செய்தோம், சத்துணவு தந்தோம். பழக்கத்தோடு மட்டும் சமாதானமாகிவிட்டோம். ஏனெனில் அதன் வசதி நமக்கே கிடைக்கிறது!

நெடுந்தொடர் வெற்றி பெறும் இடமும் அதுதான். 1987-இல் அரசின் தொலைக்காட்சியே ஞாயிறு காலைகளில் இராமாயணத்தை வீடுதோறும் கொண்டுவந்தது. தனியார் நிலையங்கள் வந்தன; மாலைதோறும் தாலியும் தெய்வமும் மாமியார் சூழ்ச்சியும் வந்தன. நம் நிறம் பூசிய நிலையங்களும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சொல்ல நாணுகிறோம். சொல்லாமல் இருக்கவோ முடியவில்லை. நாடகமும் திரைப்படமும் வைதிகத்தின் கையில் இருந்தன. அவற்றைப் பறித்து அறிவின் கருவியாக்கியது நம் இயக்கம். பறித்த கருவியைத் திருப்பிக் கொடுத்தது யார்? விளம்பரக் காசா? பார்ப்பவர் கேட்கிறார்கள் என்பார்கள். பகலெல்லாம் அடுக்களையில் வெந்த பெண்ணுக்கு மாலையில் வேறென்ன வைத்திருக்கிறோம் நாம்? பொதுக்கூட்டத்துக்கு அழைத்தோமா? படிப்பகத்தில் அவளுக்கென ஒரு நாற்காலி போட்டோமா? அவள் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்தத் தொடர் தந்தது. நாம் தரவில்லை.

ஐந்தாம் நாள் காலை. புறப்படும்போது அழைப்பிதழ்ப் பேச்சு எழுந்தது. அந்த அம்மையார் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். மொய்க் கணக்கு. "பத்தாண்டாக ஊரார் வீட்டு விழாவுக்கெல்லாம் எழுதியிருக்கிறோம், அண்ணா. நாங்களும் ஒரு விழா வைத்தால்தானே திரும்பி வரும்? அவள் கல்லூரிக்கு அது உதவுமே" என்றார். அவர் கூறியதில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை, கணக்கு இருந்தது. சடங்கு என்று நாம் பழித்தது, ஏழைக்குச் சீட்டுப்பணமாக இருக்கிறது. இதை அறியாமல், "ஒழிக!" என்று கூவினால் எதுவும் ஒழியாது.

"விழா வையுங்கள், அம்மா. அவள் பத்தாம் வகுப்பில் தேறும் நாளில் வையுங்கள். மொய் அன்றைக்கும் வரும். முதல் மொய் நம்முடையது" என்றோம்.

"ஊர் ஒத்துக்கொள்ளுமா?" என்றார்.

சிறுமி குறுக்கிட்டாள். "என் உடம்பைப் பற்றி ஊர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?"

தோழர் அழைப்பிதழ்க் கட்டைக் கையில் எடுத்தார். கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. உறையில் முகவரி எழுதாமல், திரும்ப மேசைமீது வைத்தார். நாம் புறப்பட்டுவிட்டோம். விழா நாளுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன.

இதைப் படிக்கும் தோழரே, உம் வீட்டு மேசையிலும் அப்படி ஒரு கட்டு இருக்கக்கூடும். இன்று மாலை உம் தங்கையோடும் தாயோடும் மகளோடும் அமர்ந்து இவற்றைக் காண்க. கண்ட பிறகு அவர்கள் பேசட்டும், நீர் கேட்க. நடுவில் காபி வேண்டுமானால், எழுந்து நீரே போடுக. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்!